தொப்பைக்கு ஃபேட் ஃப்ரீசிங், முகத்துக்கு லேசர் இலவசம்: அட்வான்ஸ் கட்டிவிட்டேன், போகலாமா?

நூல்கண்டு (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். உயரம் 5 அடி 2, எடை 63. கை கால் எல்லாம் அளவாகத்தான் இருக்கும், வயிறு மட்டும் தையல் தழும்புக்கு மேலே மடிந்து விழும், தொப்புளைச் சுற்றி உப்பிக்கொண்டு நிற்கும். தம்பிக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். போன மாதம் ஜவுளி எடுக்கப் போனபோது புடவை எடுத்துப்போட்ட பெண், நல்ல பிள்ளைதான், சிரித்துக்கொண்டே "எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா பக்கத்தில் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரமே ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். கவுன்சிலர் என்று ஒரு பெண் முக்கால் மணி நேரம் பேசினாள். ஃபேட் ஃப்ரீசிங், அதாவது மெஷினால் கொழுப்பைக் குளிரவைத்துக் குறைப்பது, 4 சிட்டிங், வாரம் ஒன்று, ஆறு கிலோ குறையும் என்றாள். அதோடு முகத்துக்கு 6 லேசர் சிட்டிங் இலவசம். எல்லாம் சேர்த்து 85,000, இன்றைக்கே கட்டினால் 68,000. நான் 10,000 அட்வான்ஸ் ஜிபே செய்துவிட்டு வந்துவிட்டேன். வரும் திங்கள்கிழமை முதல் சிட்டிங். இப்போது இரவு தூக்கம் வரவில்லை. யாராவது செய்துகொண்டவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்

முதலில் இரண்டு கேள்வி. டாக்டர் உங்களைப் பார்த்தாரா? என்ன கம்பெனி மெஷின் என்று சொன்னார்களா?

நூல்கண்டு (கோவை)

டாக்டர் முதல் சிட்டிங் அன்று வருவார் என்றார்கள். மெஷின் பெயர் கேட்கவில்லை. இம்போர்டட் என்று மட்டும் சொன்னாள்.

அடையாறு ரேவதி

நான் செய்துகொண்டேன் பா, மூன்று வருடம் முன்னால், இரண்டு பக்க இடுப்புச் சதைக்கு மட்டும். என் அனுபவம் நல்ல அனுபவம்தான், அதனால் பயமுறுத்த வரவில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பேனாவால் இடுப்பில் கோடு போட்டார்கள். ஈரமான ஜெல் துணி ஒன்றைத் தோல் மேல் ஒட்டினார்கள், அதற்கு மேலே கிண்ணம் மாதிரி ஒரு கப். மெஷினைப் போட்டதும் அந்தக் கப் சதையை உள்ளே உறிஞ்சி இழுத்தது. முதல் ஐந்து நிமிடம் நல்ல வலி, ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்காமல் வைத்திருப்பது மாதிரி. அப்புறம் மரத்துப்போய்விட்டது, நான் போனில் சீரியல் பார்த்தேன். கப்பை எடுத்தபோதுதான் திடுக்கிட்டேன். சதை கப்பின் வடிவத்திலேயே விறைத்து நின்றது, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த வெண்ணெய்க் கட்டி மாதிரி, தொட்டால் என் உடம்பு என்றே தெரியவில்லை. உடனே இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்டார்கள், உண்மையான வலி அதுதான், கண்ணில் தண்ணீர் வந்தது.

ஒரு வாரம் கன்றிப்போய் நீலமாக இருந்தது. மரத்த உணர்ச்சி மூன்று வாரம் போகவில்லை. பாவாடை நாடா இறுகுவதே தெரியாமல் கட்டிவிட்டு, சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் இடுப்பைச் சுற்றித் தடம் பதிந்து கிடக்கும். பலன் தெரிய இரண்டரை மாதம் ஆயிற்று. ஜாக்கெட்டுக்குக் கீழே பிதுங்கிய சதை பாதியாவது போனது. எடை? 200 கிராம்கூடக் குறையவில்லை. ஆறு கிலோ என்று அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரியவே இல்லை.

கண்ணன்73

சகோதரி, இதெல்லாம் பணத்தை ஆற்றில் போடுவது. காலை ஒரு மணி நேரம் நடங்கள், இரவு சோற்றை நிறுத்துங்கள். எனக்கு சுகர் வந்தபோது அப்படித்தான் 94-லிருந்து 81-க்கு வந்தேன். பேன்ட் அளவு 38-லிருந்து 34.

மாடித்தோட்டம்

கண்ணன் சார், உங்களுக்குக் குறைந்தது சந்தோஷம். ஆனால் அவங்க 63 கிலோதான். இரண்டு தடவை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்ற உடம்பு அது, அதே கணக்கு எல்லாருக்கும் வராது.

நூல்கண்டு (கோவை)

கண்ணன் அண்ணா, கோபமில்லை. இரண்டு வருடமாக ரேஸ்கோர்ஸில் நடக்கிறேன். 69-ல் இருந்து 63-க்கு வந்ததே அப்படித்தான். முகம் வற்றியது, கை மெலிந்தது, வளையல் கழன்று விழுகிறது, வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

தோல் டாக்டர் (மதுரை)

நான் தோல் மருத்துவர், பதினேழு வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். என் கிளினிக்கில் இந்தக் குளிர் மெஷின் இல்லை, எனக்கு இதில் வியாபாரம் எதுவும் கிடையாது. நூல்கண்டு எழுதியதில் மூன்று விஷயம் எனக்கு உறுத்துகிறது, அதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஐஸ் குச்சியைச் சப்பிச் சாப்பிட்ட குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு வீங்கிக் கட்டியாவதை 1970-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குளிரைத் தோல் தாங்கிக்கொள்ளும், அடியில் இருக்கும் கொழுப்பு தாங்காது. தண்ணீர் உறைவதற்கு முன்பே கொழுப்பு உறைந்துவிடும், நெய் நம் வீட்டு அலமாரியிலேயே மார்கழியில் உறைகிறதே, அந்த மாதிரி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் இதைச் சிகிச்சையாக்க முடியுமா என்று பன்றிகளிடம் சோதித்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-ல் இடுப்புப் பக்கச் சதைக்கும், 2012-ல் வயிற்றுக்கும் அனுமதி கொடுத்தது. உறைந்த கொழுப்பு செல்கள் அன்றைக்கே கரைந்து ஓடிவிடுவதில்லை. சில நாளில் மெதுவாகச் சாகின்றன, உடம்பின் துப்புரவு செல்கள் அவற்றைத் தின்று அப்புறப்படுத்த இரண்டு மூன்று மாதம் ஆகும். கப்புக்குள் சிக்கிய கொழுப்பு அடுக்கின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு, நன்றாக அமைந்தால் நான்கில் ஒரு பங்கு குறையும். கிடைப்பது அவ்வளவுதான்.

உறுத்தும் விஷயங்கள். ஒன்று, ஆறு கிலோ. ரேவதி சொன்னது சரி, இதில் எடை குறையாது, குறையும் என்று சொல்பவருக்கு மெஷினைப் பற்றித் தெரியாது அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டு, வாரம் ஒரு சிட்டிங். ஒரே இடத்தில் மறுபடி செய்ய வேண்டுமானால் முதல் தடவையின் பலன் தெரியும் வரை ஆறு எட்டு வாரமாவது விடுவார்கள். வாராவாரம் வரச் சொன்னால் அது வேறு ஏதோ மெஷின், அல்லது சரியாகக் குளிராத நகல் மெஷின். நகலில் குளிரை அளக்கும் சென்சார் சரியில்லாவிட்டால் தோலே வெந்துபோகும், குளிரிலும் தோல் வேகும். மூன்று, உங்கள் வயிற்றை இதுவரை ஒரு டாக்டரும் தொட்டுப் பார்க்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

தொப்பையில் இரண்டு கொழுப்பு உண்டு. விரலால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கு அடியில் இருப்பது. கிள்ளவே முடியாமல் பானை மாதிரி உள்ளேயிருந்து தள்ளுவது குடலைச் சுற்றி இருப்பது. கப் முதல் வகையை மட்டும்தான் பிடிக்கும். நம் ஊர் ஆண்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகை, கண்ணன் சாருக்கு நடையிலும் சாப்பாட்டிலும் 13 கிலோ போனது அதனால்தான், அவர் செய்தது அவர் உடம்புக்குச் சரியான வைத்தியம்.

சேலத்துக்காரி

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்கு 36 வயது. பத்து மாதம் முன்னால் வேறு ஊரில் ஒரு கிளினிக்கில் வயிற்றில் செய்துகொண்டேன், தொப்புளுக்குக் கீழே ஒரே இடம். முதல் இரண்டு மாதம் லேசாகக் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாவது மாதக் கடைசியில் ஒருநாள் குளிக்கும்போது கை வைத்தால் அந்த இடம் கெட்டியாக இருக்கிறது. வீக்கம் என்று நினைத்தேன். கிளினிக்கில் போய்க் காட்டினேன், "நீங்கள் டயட்டை விட்டிருப்பீர்கள்" என்றார்கள். நான் விடவில்லை. வீட்டில் எழுதி வைத்த நோட்டு இருக்கிறது, என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பரிகாரமாக இன்னொரு சிட்டிங் இலவசமாகச் செய்கிறேன் என்றார்கள், நல்லவேளை அன்றைக்கு எனக்கு மாதவிலக்கு, அதனால் ஒத்திப்போட்டேன்.

ஐந்தாவது மாதம் அது ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. எப்படிச் சொல்வது, செங்கல்லைச் சின்னதாக்கித் தோலுக்கு அடியில் படுக்க வைத்த மாதிரி. ஓரங்கள் தெரியும். கப் வைத்த அதே அளவு, அதே வளைவு. குனிந்தால் இடிக்கும். வலி இல்லை. புடவை கட்டினால் மடிப்புக்கு அடியில் தனியாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாமியார் கட்டி என்று பயந்து ஸ்கேன் எடுக்க வைத்தார். ஸ்கேனில் வெறும் கொழுப்பு என்று வந்தது. குறைக்கப் போன இடத்தில் கொழுப்பு வளர்ந்திருக்கிறது என்று எந்த டாக்டரிடம் சொன்னாலும் நம்பவில்லை, மூன்றாவதாகப் போன பிளாஸ்டிக் சர்ஜன்தான் பார்த்த உடனே பெயரைச் சொன்னார்.

நூல்கண்டு, எனக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று சொல்லவில்லை. அரிது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போடும்போது இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, அந்தத் தாளில் அந்த வார்த்தையே இல்லை.

தோல் டாக்டர் (மதுரை)

சேலத்துக்காரி, எழுதியதற்கு நன்றி. உங்கள் டயட் மேல் பழி போட்டது அநியாயம். நீங்கள் சொல்வது பாரடாக்ஸிகல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியா. குறைய வேண்டிய இடத்தில் கொழுப்புத் திசு கெட்டியாகிப் பெருகுவது. 2014-ல் ஜாமா டெர்மடாலஜி என்ற தோல் மருத்துவ இதழில் முதலில் எழுதினார்கள், 40 வயதைத் தாண்டிய ஒரு ஆணுக்கு வந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலைகாட்டும், கப்பின் வடிவத்திலேயே வரும், ஆண்களுக்கு விகிதம் கொஞ்சம் அதிகம். 4,000 சிட்டிங்குக்கு ஒன்று என்று மெஷின் நிறுவனம் ஒரு கட்டத்தில் கணக்குச் சொன்னது, பிறகு வந்த ஆய்வுகளில் அதைவிட அடிக்கடி வருவதாகத் தெரிகிறது. தானாகக் கரையாது. டயட்டுக்கும் நடைக்கும் கேட்காது. திசு இளகும் வரை சில மாதம் காத்திருந்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்ய வேண்டிவரும், சிலருக்கு ஒரு தடவை போதாது. மறுபடி அதே குளிர் மெஷினை அந்த இடத்தில் வைக்கவே கூடாது, நீங்கள் ஒத்திப்போட்டது உங்களைக் காப்பாற்றியது.

90-களில் உலகம் முழுக்கப் பத்திரிகை அட்டையில் வந்த கனடா மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டாவுக்கு நடந்ததும் இதுதான். 2021 செப்டம்பரில் அவரே வெளியே சொன்னார், பல வருடம் வீட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தேன் என்றார், மெஷின் நிறுவனத்தின் மேல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2022-ல் சமரசமானது. அவர் பேசிய பிறகுதான் இங்கே என்னிடம் வருபவர்கள்கூட இதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அடையாறு ரேவதி

சேலத்துக்காரி, படித்துவிட்டு மனசு ஆறவில்லை பா. எனக்கு நல்லபடியாக முடிந்ததால் நாலு பேருக்கு நானே சிபாரிசு செய்திருக்கிறேன். என் தாளில் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது, ஆங்கிலத்தில், மூன்றாவது பக்கம். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மல்லிப்பந்தல்

எல்லாரும் வயிற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த "இலவச" முக லேசர்தான் பயமாக இருக்கிறது. நூல்கண்டு, உங்களுக்கு முகத்தில் என்ன பிரச்சினை? கரும்படை, மங்கு என்பார்களே, அது இருக்கிறதா?

நூல்கண்டு (கோவை)

ஆமாம், இரண்டு கன்னத்திலும். சின்னவள் வயிற்றில் இருந்தபோது வந்தது. நிறம் மாநிறம்.

மல்லிப்பந்தல்

அப்படியானால் தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கும் மங்குதான். முதலில் மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன், கடைக்காரரே கொடுத்தார், சீட்டு எல்லாம் கேட்கவில்லை. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. எட்டு மாதம் போட்டேன். நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு, பரு. அடுப்புப் பக்கம் போனால் கன்னம் நெருப்பாக எரியும், தோசை ஊற்றும்போது ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பேன். அது ஸ்டீராய்டு கலந்த கிரீம் என்று அப்போது தெரியாது.

அதைச் சரிசெய்ய ஒரு பார்லரில் லேசர் என்றார்கள். மெஷினைப் பிடித்தது இருபது இருபத்திரண்டு வயதுப் பெண். சுடுகிறது என்றேன். "அப்படித்தான் இருக்கும், ஒர்க் ஆகுதுன்னு அர்த்தம்" என்றாள். இரண்டாவது நாள் கன்னத்தில் கட்டம் கட்டமாக, மெஷின் முனை வைத்த அளவுக்கு, கருப்பு விழுந்தது. ஒன்றரை வருடம் ஆயிற்று, இன்னும் வெளிச்சத்தில் திரும்பினால் கட்டம் தெரியும். என் மகள் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு என்னை வரவேண்டாம் என்று ஒருநாள் சொன்னாள், பிறகு அவளே அழுதாள்.

தோல் டாக்டர் (மதுரை)

மல்லிப்பந்தலுக்கு நடந்ததைத் தினமும் பார்க்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஒரு அளவுகோல் உண்டு, 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் தொடங்கியது, கருநிற வகைகள் பிறகு சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. நம் தோலில் மெலனின் அதிகம். லேசரும் ஐபிஎல் என்ற பளிச்சிடும் ஒளியும் நிறத்தைத் தேடிப் போய்ச் சூட்டை இறக்கும் கருவிகள். வெள்ளைத் தோலில் மங்கை மட்டும் தேடும் அதே ஒளி நம்மிடம் தோல் முழுக்கவே நிறத்தைப் பார்க்கும். சூடு பட்ட இடத்தில் நம் தோல் இன்னும் கருப்பைக் கொட்டும். சின்ன வயதில் முழங்காலில் விழுந்த காயம் வருடக்கணக்கில் கருப்பாக நிற்பதும் அதே காரணத்தால்தான். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் மாதிரி ஆழமாகப் போகும் அலைநீளம் நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, அதையும் குறைந்த அளவில், பழகிய கை பிடிக்க வேண்டும். அப்போதும் மங்குக்கு லேசர் நான் முதலில் எடுக்கும் ஆயுதம் கிடையாது. குறைந்த மாதிரி காட்டிவிட்டு மூன்று நான்கு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வரும்.

மங்குக்கு வெயில் மட்டும் எதிரி இல்லை. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம் நிறத்தோலில் அதைக் கிளறிவிடும், அடுப்புச் சூடும் சேரும். அதனால்தான் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுக்கிறேன், அதில் உள்ள அயர்ன் ஆக்சைடு அந்த வெளிச்சத்தைத் தடுக்கும். காலை ஒரு தடவை பூசிவிட்டால் முடிந்தது என்று இல்லை, மதியம் மறுபடி பூச வேண்டும், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். இதை மூன்று மாதம் விடாமல் செய்தவர்களுக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கிறது.

கிரீம் விஷயம். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின் மூன்றும் கலந்தது மருந்துதான், நானே சில வாரத்துக்கு எழுதுவேன். சீட்டில்லாமல் மாதக்கணக்கில் போடுவதுதான் முகத்தை அழிக்கிறது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல வருடம் போராடியதால் 2018-ல் 14 ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்கு அரசு கொண்டுவந்தது. மல்லிப்பந்தல் வாங்கின கடை அதை மதிக்கவில்லை. பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம் இன்னும் மோசம். மலப்புரம் பக்கம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கி வந்தவர்களை விசாரித்தபோது பலர் இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது. கிரீமில் பாதரசம். 2024-ல் கட்டுரையாக வந்தது.

பிசியோ தஞ்சை

டாக்டர் மேடம் சொன்ன "யாரும் தொட்டுப் பார்க்கவில்லை" என்ற இடத்தில் நான் சேர்ந்துகொள்கிறேன். நூல்கண்டு அக்கா, இரண்டு சிசேரியன், தொப்புளைச் சுற்றி உப்பல், மற்ற இடமெல்லாம் மெலிந்தும் அது போகவில்லை என்கிறீர்கள். ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். பாயில் மல்லாந்து படுங்கள், முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, விரல்களைக் குறுக்காக வைத்து லேசாக அழுத்துங்கள். இப்போது தலையையும் தோளையும் மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு பக்கத் தசையும் விரலை வந்து நெருக்கும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது? அப்படியே இருமிப் பாருங்கள், தொப்புளில் ஏதாவது பந்து மாதிரி தள்ளுகிறதா?

நூல்கண்டு (கோவை)

இப்போதுதான் செய்து பார்த்தேன். மூன்று விரல் இறங்குகிறது. நான்காவதும் பாதி போகிறது. தலையைத் தூக்கினால் நடுவில் வரப்பு மாதிரி நீளமாக மேடு எழும்புகிறது. இருமினால் தொப்புளின் மேல் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ விரலைத் தள்ளுகிறது. படுத்தால் போய்விடுகிறது. இது எனக்கு எத்தனை வருடமாக இருக்கிறது என்றே தெரியவில்லை.

பிசியோ தஞ்சை

அக்கா, திங்கள்கிழமை அங்கே போகாதீர்கள். ஒரு பொது அறுவை மருத்துவரைப் பாருங்கள். அது ஹெர்னியாவாக, அதாவது குடல் பிதுக்கமாக இருக்கலாம்.

தோல் டாக்டர் (மதுரை)

ஆமாம். ஹெர்னியா இருக்கும் வயிற்றில் அந்தக் கப்பை வைக்கவே கூடாது, உறிஞ்சும்போது என்ன உள்ளே வரும் என்று சொல்ல முடியாது. எந்த நல்ல கிளினிக்கும் முதலில் கேட்பது இதைத்தான், கூடவே குளிர் பட்டால் தடிப்பு வருமா, கிரையோகுளோபுலினீமியா மாதிரி குளிருக்கு ரத்தம் மாறும் நோய் உண்டா என்று கேட்கும். கவுன்சிலர் முக்கால் மணி நேரத்தில் இதில் ஒன்றாவது கேட்டாரா?

நூல்கண்டு (கோவை)

ஒன்றும் கேட்கவில்லை. இஎம்ஐ வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

நெல்லைத் தம்பி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 27 வயது, தாடைக்குக் கீழே சதை. கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று ஒரு சலூனில் 4,000 ரூபாய்க்குப் போடுகிறார்கள். போடலாமா?

தோல் டாக்டர் (மதுரை)

சலூனில் வேண்டாம் தம்பி. டிஆக்ஸிகோலிக் ஆசிட் என்பது நம் பித்தத்திலேயே இருக்கும் பொருள், அதை ஊசியாக்கி 2015-ல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்தது, தாடைக்குக் கீழே மட்டும். கொழுப்பு செல்லின் சுவரை உடைக்கும், மற்ற செல் கிடைத்தாலும் உடைக்கும். அந்த இடத்தில் உதட்டின் ஓரத்தை இழுக்கும் நரம்பு ஓடுகிறது, தப்பாகக் குத்தினால் சிரிப்பு மாதக்கணக்கில் கோணும். சரியாகப் போட்டாலுமே ஒரு வாரம் தாடை தவளை மாதிரி வீங்கும். சலூன் குப்பியில் என்ன இருக்கிறது என்று போடுபவருக்கே தெரியாது. முதலில் எடையையும் தைராய்டையும் பாருங்கள். ஊசிதான் என்று முடிவு செய்தால் எம்.டி. டிவிஎல் என்ற தோல் மருத்துவ மேற்படிப்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரிடம் போங்கள், பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம். போர்டில் காஸ்மெட்டாலஜிஸ்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது தோல் மருத்துவப் பட்டம் இல்லை.

அளவு டேப்

பெயருக்குக் காரணம் சொல்கிறேன். நான் ஐந்து வருடம் முன்னால் "இன்ச் லாஸ்" பேக்கேஜ் போனேன், சூட்டுப் போர்வை, ஒலி அலையால் கொழுப்பை உடைப்பதாகச் சொல்லும் கேவிடேஷன், 12 சிட்டிங். முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வந்த வயிற்றில் டேப்பைத் தளர்வாக வைத்தார்கள். கடைசி நாள் போர்வையில் வியர்த்து முடித்த உடனே, மூச்சை வெளியே விடச் சொல்லி, இறுக்கிப் பிடித்து அளந்தார்கள். மூன்று இன்ச் குறைந்தது என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். நான் தையல்காரி. பதினாறு வருடமாக மற்றவர்கள் உடம்பை அளக்கிறேன். வீட்டுக்கு வந்து காலையில் வெறும் வயிற்றில், தொப்புளில் மை வைத்து அதே இடத்தில் அளந்தேன். அரை இன்ச்கூட இல்லை. எங்கே செய்துகொண்டாலும் முந்தின நாளே வீட்டில் நீங்களே அளந்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதே ஜன்னல் வெளிச்சத்தில்.

நூல்கண்டு (கோவை)

பத்து நாள் கழித்து வருகிறேன். சர்ஜனைப் பார்த்தேன், ஸ்கேன் எடுத்தாயிற்று. தொப்புளில் சின்ன ஹெர்னியா, வயிற்றுத் தசை நடுவில் விலகி இருக்கிறது. அவசரம் இல்லை, கல்யாணம் முடிந்து செய்துகொள்ளலாம், அதுவரை சிலிண்டர், தண்ணீர்க் குடம் தூக்காதே என்றார். திடீரென்று வலித்து, கட்டி உள்ளே போகாமல் நின்றால் உடனே வரச் சொன்னார். கொழுப்பு ஓரளவு இருக்கிறது, ஆனால் முன்னால் தள்ளுவது தசை பிரிந்ததால்தான் என்று விரலால் காட்டினார். பன்னிரண்டு வருடமாக என் வாயைத்தான் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது.

கிளினிக்கில் அட்வான்ஸ் கேட்டேன். திருப்பித்தரும் வழக்கம் இல்லை, வேண்டுமானால் பத்தாயிரத்துக்கும் முகத்தில் லேசர் செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள்.

மாடித்தோட்டம்

வாங்காதீர்கள். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும், ஜிபே ரசீதையும், "ஆறு கிலோ" என்று எழுதிய விலைப்பட்டியல் இருந்தால் அதையும் சேர்த்து முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். மருத்துவக் காரணத்தால் செய்யக் கூடாது என்று சர்ஜன் ஒரு வரி எழுதித் தந்தால் வலு. 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. நான் ஒரு ஃபிரிட்ஜுக்காகப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

கண்ணன்73

தங்கச்சி, நடங்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நூல்கண்டு (கோவை)

அண்ணா, விடுங்கள். நடை நிற்கவில்லை, சர்ஜனும் நடக்கச் சொன்னார்.

பிசியோ தம்பி கொடுத்த மூச்சுப் பயிற்சி பத்து நாளாகச் செய்கிறேன், முதுகு வலி குறைந்திருக்கிறது. கடிதம் அனுப்பியாயிற்று. மறுநாளே கவுன்சிலர் போன் செய்து பாதி தருகிறோம் என்றாள், முழுதும் வேண்டும் என்றேன். அளவு டேப் அக்கா, கல்யாண ஜாக்கெட்டுக்கு ஒரு யோசனை கேட்க வேண்டும், தனியாக எழுதுகிறேன். சேலத்துக்காரி, உங்களுக்கு என்ன ஆயிற்று?

சேலத்துக்காரி

மாசி மாதம் லைப்போசக்‌ஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். சர்ஜன் இந்தத் தடவை நான்கு பக்கத் தாள் கொடுத்தார், தமிழில். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் கையெழுத்துப் போடு என்றார். இரண்டு பக்கம் படித்திருக்கிறேன், ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். டாக்டர் மேடம், மயக்க மருந்து பற்றி ஒன்று இருக்கிறது, இங்கேயே கேட்கலாமா?

தோல் டாக்டர் (மதுரை)

கேளுங்கள்.